ஹாலிகார்னாசஸ் ஊர்க்காரர்

பிப்ரவரி 2, திங்கள்

சந்தியா இன்றும் காலேஜுக்குப் போகவில்லை. தலைவலியாம். மூன்று நாளாகவா ஒரு தலைவலி?

கோமுகி அணைக்குக் கீழே கரும்பு வெட்டு. ஒரு சாரைப்பாம்பு ஓடியதில் தைலம்மாள் வரப்பைத் தாண்டி அடுத்தவர் கொல்லையில் போய் விழுந்தாள். அவளுக்கு முன்னாடி அவள் செருப்பு போய் விழுந்தது. அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு பெண்ணிடமே போகிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

சொல்லிவிட்டாள். சரித்திர வகுப்பில் இங்கிலீஷில் படிக்கச் சொன்னாராம் சார். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தி கிரேக்க தேசத்தில் சரித்திரம் எழுதிய பெரியவர் ஒருவர். ஹெரோடோட்டஸ். அந்தப் பேரை இவள் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்திருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். இப்போது படியேறினாலே “டோட்டஸ் வர்றா”ன்னு கத்துறாங்களாம்.

“நான் இனிமே போவல யம்மா. உங்கூட கரும்பு வெட்ட வரேன்.”

எம்மாம் கஷ்டப்பட்டு அனுப்பினேன்! ஒரு பேருக்காகவா? பேர் தப்பாச் சொன்னா பேர்தானே தப்பு, படிப்பு இன்னா பண்ணுச்சு?

பிப்ரவரி 5, வியாழன்

அந்தப் பேர் எப்படித்தான் சொல்ல வேண்டும்? கச்சிராயபாளையத்தில் டியூஷன் எடுக்கும் சிவசங்கரைக் கேட்டேன். இங்கிலீஷ்காரர்கள் ‘ஹிராடடஸ்’ என்பார்களாம். ‘ரா’வில் அழுத்தி, மீதியை விழுங்கிவிட வேண்டுமாம். போனைத் தட்டினார். அதில் கிரேக்க ஊர்ப் பொம்பளை ஒருத்தி ‘இரோதோதோஸ்’ என்றாள். தமிழ்ப் புத்தகத்தில் ஹெரோடோட்டஸ்.

“இதுல எதுங்க சரி?”

“எல்லாம் சரிதாங்க. ஆனா இங்கிலீஷ்ல பேசுனா இங்கிலீஷ் மாதிரி சொல்லணும்.”

பெற்ற தாய் எப்படிக் கூப்பிட்டாளோ அதுதானே சரி? அப்படியானால் சிரித்த பிள்ளைகளும் தப்புத்தானே? பஸ்ஸில் வரும்போதே குழம்பி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

“அந்தப் பெரியவர் இன்னாதாண்டி எழுதுனாரு?” என்றேன். சந்தியா வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். நம்ம இந்தியாவில் நரியைவிடப் பெரிய எறும்புகள் உண்டாம். வளை தோண்டும்போது மண்ணோடு பொன்தூளை வெளியே தள்ளுமாம். ஜனங்கள் உச்சி வெயிலில் ஒட்டகத்தோடு போய் அள்ளிக்கொண்டு ஓடுவார்களாம். எறும்பு மோப்பம் பிடித்துத் துரத்துமாம்.

“அவுரு இந்த ஊர்ப்பக்கம் வந்தாரா?”

“வரல. பாரசீகக்காரங்க சொன்னாங்கன்னு எழுதிக்கிறாரு.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று சொல்லித்தான் சொல்லியிருக்கிறார்! கரும்பு வெட்டில் கதை சொல்லும் நாங்களும் அப்படித்தான். ‘எலவனாசூர்கோட்டை பூமாலை சொல்லிக் கேட்டது’ என்று கதை கொடுத்தவர் ஊரையும் பேரையும் முதலில் சொல்லாவிட்டால், திருட்டுக் கதை என்று எழுந்து போய்விடுவார்கள். இந்த எறும்புக் கதையை நான் சொல்லியே ஆக வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

சந்தியா அரிவாளோடு வந்துவிட்டாள். மேஸ்திரி இருசப்பன் என் பக்கத்தில் அவளுக்கு ஒரு வரிசை கொடுத்தார். பத்து கழி வெட்டுவதற்குள் கரும்புச் சோகை, அந்தக் கூரான இலை, கையைக் கிழித்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பார்க்க முடியவில்லை.

மத்தியானம் கஞ்சி குடித்ததும் கதை கேட்டார்கள். எறும்புக் கதையை எடுத்தேன். ஊர் தெரியவில்லை, பேராவது சொல்ல வேண்டுமே.

“கிரேக்க தேசத்து ஹெரோடோட்டஸ் ஐயா... இல்ல, ஹிரா... இரோதோ...”

“இன்னா பெரியநாயகி, அந்தாளுக்கு மூணு பேரா?” என்றார் இருசப்பன். “போலீசுக்குப் பயந்து ஊருக்கு ஒரு பேரு வச்சிக்கினு திரிஞ்சவனா இருப்பான்.”

ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். “ஐயாவ ஒழுங்கா கூப்புடத் தெரியலப்பா, பொறுங்க” என்று மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி நாக்கு புரண்டது.

“பேர வுடுக்கா, எறும்பச் சொல்லு” என்றாள் தைலம்மாள்.

“பேர வுட்டுட்டுச் சொன்னா அது எங்கதையா ஆயிடும்டி. நான் திருடியா?”

சோகைக் குவியல் பக்கமிருந்து சந்தியா எழுந்தாள். முகம் சிவந்திருந்தது, வெயிலா கோபமா தெரியவில்லை.

“ஹாலிகார்னாசஸ் ஊரு. ஹெரோடோட்டஸ். இங்கிலீஷ்ல ஹிராடடஸ். எங்கம்மா தப்பு ஒண்ணும் சொல்லல. சிரிக்கிறவங்க ஒரு தபா சொல்லிக் காட்டுங்க!”

சொன்னார்களே! இருசப்பன் வாயில் அது ஏதோ உர மூட்டையின் பேர் மாதிரி வந்தது. தைலம்மாள் பாதியிலேயே தண்ணீர் கேட்டாள். சந்தியா ஒவ்வொருத்தரையும் திருத்தினாள். அப்புறம் கதையையும் அவளே சொன்னாள். எறும்பு துரத்தும் இடத்தில் ஓடியே காட்டினாள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. வகுப்பில் சிரித்ததற்கு அழுதாள். இங்கே என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு எங்கிருந்து வந்தது அந்தக் குரல்?

பிப்ரவரி 8, ஞாயிறு

சந்தியாவின் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மேஸ்திரி ஆள் கணக்கில் இரண்டு பேர் எழுதியிருந்தார். “இன்னா, ஒத்தையா வந்துக்கிற?” என்றார். காலை பஸ்ஸுல காலேஜுக்குப் போயிட்டா என்று மட்டும் சொன்னேன். சந்தியாவின் வரிசை பாதியில் நின்றது. அதையும் நானே வெட்டினேன்.