ஓயாத ஏ.சி.யும் ஒற்றைச் சாக்ஸும்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் குமட்டிக்கொண்டு வருகிறது. போனில் சொல்ல வழியில்லை. கூடத்தில் உங்கள் அப்பா, அறையில் உங்கள் தம்பி, இரண்டு பேருக்கும் காது மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

முதலில் ஏ.சி. எங்கள் அறையில் மாட்டியது ஓய்வதே இல்லை. அறை குளிர்ந்ததும் வெளியே இருக்கும் பெட்டி கொஞ்ச நேரம் நிற்க வேண்டுமாம். இதுவோ ராத்திரி முழுக்கப் பேய் பிடித்த மாதிரி உறுமுகிறது. அறையும் குளிர்வதில்லை. உங்கள் தம்பியிடம் சொன்னால், "ஓடுதில்ல, விடு" என்று புரண்டு படுக்கிறார்.

நானே ஃபில்டரைக் கழற்றினேன். சீ! தலைமுடியும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தது. இது வழியாக வந்த காற்றைத்தான் இத்தனை நாள் மூக்கில் இழுத்திருக்கிறோம். கழுவிய தண்ணீர் சாக்கடை நிறத்தில் போயிற்று. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளிப் பெட்டிக்குப் பின்னால் புறாக் கூடு, எச்சம், செத்த குஞ்சு ஒன்று. மூக்கைப் பொத்திக்கொண்டு அதையும் அள்ளிக் கொட்டினேன். அப்போதும் அதே உறுமல்தான்.

இந்த வீட்டு ஆண்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? உங்கள் தம்பியிடம் ஒரு பழைய சாக்ஸ் இருக்கிறது, ஜோடி கிடையாது. துவைத்து வைத்தால் மறுநாளே தரை அழுக்கெல்லாம் ஒட்டி, தட்டையாக நசுங்கி, கட்டிலுக்கு அடியில் கிடக்கும். தூக்கி எறியப் போனால் பிடுங்கிக்கொள்கிறார். மாமா அதற்கு மேல். கூடத்தில் ஃபேனுக்கு அடியில் போட்ட கட்டிலை, நாங்கள் படுக்கப் போனதும் எங்கள் கதவை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொள்கிறார். மகனும் மருமகளும் தூங்கும் அறை வாசலில் மாமனாருக்கு என்ன வேலை? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அத்தை போன அன்று, "நீ சேர்த்த ஆஸ்பத்திரிதான் அவளைக் கொன்னுச்சு" என்று எல்லார் முன்னாலும் உங்கள் தம்பியைப் பார்த்து மாமா சொன்னது உங்களுக்கே தெரியும். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நான்தான் தபால்காரி. "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்பார் மகன். "பசிக்கலைன்னு அவன்கிட்ட சொல்லு" என்பார் அப்பா. இருவரும் உட்கார்ந்திருப்பது ஒரே மேசையில்! ஏ.சி. மாட்டிய அன்று, அறையை அவருக்கே விட்டுவிடலாம் என்று உங்கள் தம்பி என் மூலம் சொல்லியனுப்பினார். "அவன் காத்து எனக்கு வேணாம்" என்றுவிட்டார் மாமா.

இப்போது மாமா முதியோர் இல்லத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் போகிறாராம். "நான் இருக்கேனா போயிட்டேனான்னுகூட அவனுக்குத் தெரியாதும்மா" என்றார். உங்கள் தம்பியிடம் சொன்னேன். "போகட்டும்" என்று ஒரே வார்த்தை. இதெல்லாம் ஒரு குடும்பமா என்று வெறுத்தே போனேன்.

போன வாரம் ஏ.சி.க்காரர் வந்து பார்த்தார். கேஸ் சரியாக இருக்கிறதாம், மெஷினிலும் கோளாறு இல்லையாம். பகலில் கதவைச் சாத்தி ஓட்டிக் காட்டினார். அறை குளிர்ந்ததும் சமர்த்தாக நின்றது. "ராத்திரி எங்கேயோ குளிர் வெளியே போகுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல்களையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

தினமும் கடைசியாகப் படுப்பதும் முதலில் எழுவதும் உங்கள் தம்பிதான். மறுநாள் காலையில் நான் முந்திக்கொண்டேன். கதவுத் திரைக்கு அடியில் வெறுங்காலால் மெத்தென்று எதையோ மிதித்தேன். செத்த எலி என்று நினைத்து அலறப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப் போன சாக்ஸ்! கதவு மூடாதபடி சுருட்டி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகியிருந்தது. அந்த இடுக்கு வழியாகக் குளிர் காற்று கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அதற்கு நேராக முகத்தை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு மாமா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தலையணையெல்லாம் எச்சில். எனக்கு அருவருக்கவில்லை அண்ணி. அழுகைதான் வந்தது.

பிறகு மாமாவிடம் நைசாகக் கேட்டேன். "அந்தக் கதவு வளைஞ்சுபோச்சும்மா, சரியா சாத்த மாட்டேங்குது. தச்சர் யாரையும் கூப்பிட்டுடாதே" என்றார். யார் செய்த வேலை என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் வாயைத் திறந்தால் உங்கள் தம்பி வீம்புக்குச் சாக்ஸை எடுத்துவிடுவார். நீங்கள் சொன்னால்தான் இரண்டு பேரும் அடங்குவார்கள். மாதக் கடைசிக்குள் எப்படியாவது வந்துவிடுங்கள். கதவு வளையவில்லை என்று உங்கள் அப்பாவை உட்காரவைத்துச் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

சாக்ஸைத் துவைத்து, கட்டிலுக்கு அடியில் பழைய இடத்திலேயே போட்டுவிட்டேன். ஏ.சி. உறுமட்டும். வரும்போது தடித்த துணியில் ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். இது நைந்துபோய்விட்டது, அதிக நாள் தாங்காது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுத் தபால்காரி