கொடியில் நின்ற ஊசி

கலிலேயா, ஞாயிறு காலை

அன்புள்ள ஃப்ரூமா,

லுப்ளினில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். என் இருமல் போய்விட்டது. வெயிலில் மூக்குத்தோல்தான் உரிகிறது.

இங்குள்ள பனேய் அகிவா என்ற யூத மத இயக்கத்து இளைஞர்கள், என்னையும் தையற்காரன் என்று நம்பி, இயக்கக் கொடியில் சின்னம் தைக்கச் சொன்னார்கள். பத்துக் கட்டளைப் பலகைகள், அரிவாள், கோதுமைக் கதிர். எருசலேமில் இயக்கம் தொடங்கிய நாளில், "வேதமா, மண்வெட்டியா?" என்று கேட்டவர்களிடம் "ரெண்டும்தான்" என்றார்களாம்.

மேசையில் விருந்து வைத்திருந்ததால் கொடியைச் சுவரில் மாட்டியே தைத்தேன். கதிர் பாதியில் இருக்கும்போது வெள்ளிக்கிழமைச் சூரியன் விழுந்து ஓய்வுநாள் பிறந்துவிட்டது. அந்நாளில் தைப்பதோ ஊசியைத் தொடுவதோ கூடாதே, அப்படியே விட்டேன். மறுநாள் கூட்டம் முழுக்க அது கொடியில் தொங்கியது.

திர்ட்சா என்ற பெண், "கவலப்படாதீங்க மாமா, எங்க இயக்கத்துக்குப் பேர் தந்த ஞானி ரப்பி அகிவாவே நாப்பது வயசுலதான் எழுத்துக் கத்துக்கிட்டாரு. உங்களுக்கும் ஒருநாள் தையல் வரும்" என்றாள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஆனால் ஒருவர் விரலும் ஊசியைத் தொடவில்லை, ஃப்ரூமா. இங்கே வந்தால் பிள்ளைகள் மதத்தை விட்டுவிடுவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதற்காகச் சொல்கிறேன்.

என் தையல் விரற்கூட்டையும் மஞ்சள் நூலையும் அனுப்ப வேண்டாம், கையில் எடுத்து வா. பஸ்கா பண்டிகைக்குள் இந்நாட்டு நுழைவுச்சீட்டில் கையெழுத்துப் போடு.

தபால் வண்டிக்காரன் கத்துகிறான். அகிவா படித்து வர அவர் மனைவி இருபத்துநான்கு வருடம் காத்திருந்தாளாம். எனக்கு அவ்வளவு படிப்பு ஏறாது. நீ அவ்வளவு காத்திருக்காதே.

உன் மெண்டல்