பெயர் சொல்லாத இருமல்

ஜூன் 14

ஆங்கில இலக்கிய வகுப்பில் இன்று நாவலைத் தொடங்கினோம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. குளிர்ப் பிரதேசம், பெரிய வீடு, அக்கா தங்கை இரண்டு பேர். மூன்றாம் அத்தியாயத்தில் தங்கைக்காரி கைக்குட்டையை வாயில் வைத்து இருமுகிறாள். உடனே என் பக்கத்தில் உட்காருகிற வாயாடி, "அவ்ளோதான், டிக்கெட் வாங்கிட்டா" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

டீச்சருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'காலகட்டம்'. எதைக் கேட்டாலும், "அந்தக் காலகட்டத்தைத் தெரிஞ்சுக்காம கதையைத் தொடாதீங்க" என்பார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் பாதி மதிப்பெண் கதைக்கு, மீதி அது எழுதப்பட்ட காலத்துக்கு. அதனால் அந்த அம்மா சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் அக்கா இருமிக்கொண்டிருந்தாள். தையல் கம்பெனித் தூசி என்கிறாள் அம்மா. வாரக்கணக்காகவா தூசி?

ஜூன் 23

தூசி இல்லை.

அப்பா அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சளி எடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது, ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும், வீட்டில் காற்று வரட்டும் என்று நர்ஸம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னாராம். அம்மா காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. முதல் வேலையாகத் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள்.

"எதிர் வீட்டுக்கு இருமல் கேக்கும். செப்டம்பர்ல அவ கல்யாணத்த வெச்சுக்கிட்டு ஊரைக் கூட்டணுமா?"

"நர்ஸம்மா தொறந்து வைக்கச் சொன்னாங்களேம்மா" என்றேன்.

"இந்த இடம் தட்டிப் போனா நர்ஸம்மாவா வந்து வேற மாப்பிள்ளை பாத்துக் குடுப்பாங்க?"

அப்பா பேப்பரைப் புரட்டினார். பஸ் டிப்போவில் எஞ்சின் பார்க்கிறவர். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பெருமையாகப் பேசுவார்கள். வீட்டுக்குள் வந்தால் மட்டும் காது கேட்காது.

ஜூன் 24

அம்மா நோயின் பெயரைச் சொல்வதே இல்லை. "அதுக்கு மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான். அது. ஏதோ வாடகைக்கு வந்த ஆள் மாதிரி.

ஜூலை 9

டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். நாவலில் அந்தப் பெண் மெலிகிறாள், ரத்தம் துப்புகிறாள், கடைசியில் சாகிறாள். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நோயின் பெயர் எங்கேயும் இல்லை. ஏன்?

டீச்சர் கரும்பலகையில் காசநோய் என்று பெரிதாக எழுதினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். வாயாடி அதைச் சுற்றிப் பூ வரைந்தாள். எனக்குக் கை வரவில்லை.

அப்புறம் அந்தக் காலகட்டத்தைப் பற்றிச் சொன்னார். அப்போது இந்த நோயை அழகு என்று நினைத்தார்களாம். வெளுத்த முகம், சிவந்த கன்னம், பளபளக்கும் கண். நோயே இல்லாத பெண்கள்கூட அப்படித் தெரிய வேண்டும் என்று பவுடரை அப்பிக்கொள்வார்களாம். பரம்பரை நோய் என்று நம்பியதால் குடும்பங்கள் மூடி மறைக்கும். மருந்து கிடையாது.

மருந்து கிடையாது என்றதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. எங்களுக்கு இருக்கிறது. அலமாரியில் அட்டை அட்டையாக இருக்கிறது.

அந்தத் தைரியத்தில் எழுந்துவிட்டேன். "பேரைச் சொல்லிட்டா அந்த வீட்டுல அடுத்த பொண்ணுக்கும் கல்யாணம் நடக்காது டீச்சர். அதான் சொல்லல."

டீச்சர் என்னையே பார்த்தார். "நல்ல பதில். எந்தப் புக்குல படிச்சே?"

லைப்ரரியில் என்றேன்.

ஜூலை 30

அக்காவுக்கு இருமல் அடங்கிவிட்டது. இரண்டாம் தடவை சோறு கேட்கிறாள்! மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. கண்ணீர்கூட அப்படித்தானாம். "கல்யாணத்தன்னிக்கு நான் அழவே மாட்டேன்டி, சாயம் ஒட்டிக்கும்" என்கிறாள்.

சாயங்காலம் அவளுக்கு நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தங்கைக்காரி வெள்ளை கவுனில் படுத்திருக்கும் இடம் வந்ததும் அக்கா நிறுத்தினாள். "ரத்தம் துப்புறவளுக்கு வெள்ளையா? யார் துவைக்கிறது?"

எழுதியவர் அதை யோசித்திருக்கவே மாட்டார். எத்தனையோ நாளைக்கப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 18

கருத்தரங்கம் மாதிரி ஒன்று வைத்தார்கள். தலைப்பு: கதாநாயகியின் நோய் எதன் குறியீடு? கைடு புத்தகத்தில் இருப்பதையே எல்லோரும் ஒப்பித்தார்கள். தூய்மையின் குறியீடு, களங்கமின்மையின் குறியீடு. என் முறை வந்தபோது, நோய் எதற்கும் குறியீடு இல்லை, அது நுரையீரலில் இருக்கிறது, ராத்திரி வியர்வையில் தலையணை நனையும், பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டேன். வாயாடிகூடச் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னை நிறுத்தினார். "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களாம்மா?"

"நல்லா இருக்காங்க டீச்சர்."

என் வாயில் அம்மா உட்கார்ந்துகொண்டு பேசினாள். சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவர் அம்மாவிடம் பேசியிருப்பார். அதற்காகத்தான் சொல்லவில்லை.

செப்டம்பர் 5

மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா அறைந்தாள். அறைந்துவிட்டு அவளே அழுதாள்.

"இப்ப அவளால யாருக்கும் ஒட்டாது, மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்கன்னு நர்ஸே சொல்லியாச்சு. அப்புறம் எதுக்குடி கெடுக்கப் பாக்குறே?"

அக்காவும் அம்மா பக்கம்தான். "போன பிறகு நானே மெதுவா சொல்லிக்கிறேன்டி. அவர் நல்லவராத்தான் தெரியுறாரு."

நல்லவராகத் தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டியதுதானே? கேட்டால் இன்னொரு அறை. பேசாமல் இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 11

கல்யாணம் முடிந்தது. சொன்னபடியே அக்கா அழவில்லை.

அக்டோபர் 12

அக்கா ஒரு நாள் தங்க வந்தாள். காலி மாத்திரை அட்டைகளைக் கொடுத்தாள். அதைக் காட்டினால்தான் நர்ஸம்மா அடுத்த மாதத்துக்குக் கொடுப்பார். நான்தான் கொண்டுபோனேன். "உங்கக்கா சமத்து. ஒரு நாள்கூட விடல பாரு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புகுந்த வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். அங்கே எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. ஒரு நாள் தண்ணீர் சரியாக ஊற்றவில்லை போலிருக்கிறது, மாமியார் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அக்கா பீட்ரூட் சாப்பிட்டேன் என்றிருக்கிறாள். மறு வாரமும் கேட்டிருக்கிறார். மறுபடி பீட்ரூட். "அந்த வீட்டுல பீட்ரூட்டே வாங்குறதில்லடி!" விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இப்ப என்ன பண்றே?"

"இப்ப ஒரு பிரச்சனையும் இல்ல."

நவம்பர் 10

மறுபடி காலி அட்டைகள். மறுபடி "சமத்து". அரையாண்டுக்குப் படிக்க மலையாகக் கிடக்கிறது.

டிசம்பர் 20

அத்தான் போன் செய்தார். அக்கா கை கழுவும் தொட்டியில் ரத்தம் துப்பியிருக்கிறாள். ஒரு கை அளவு.

இரண்டாம் தடவை பீட்ரூட் சொன்ன அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்ற நினைப்பு. ஒவ்வொரு நாளும் அட்டையிலிருந்து பிதுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். காலி அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். அந்த அட்டையைத்தான் நான் தூக்கிக்கொண்டு போனேன்.

"இப்ப ஒரு பிரச்சனையும் இல்ல." என்ன பிரச்சனை இல்லை? நிறம் எங்கே போச்சு? மாத்திரை சாப்பிடுறவளுக்கு நிறம் வராம எப்படிடி இருக்கும்? ஒரு கேள்வி கேட்டிருந்தா போதுமே! நாவல்ல ஒவ்வொரு வரிக்கும் பின்னால என்ன இருக்குன்னு பக்கம் பக்கமா எழுதுறேன். எங்கக்கா சொன்ன ஒரு வரிய அப்படியே விட்டுட்டேன். பாவி நான்.

டிசம்பர் 24

அத்தானே கொண்டுவந்து விட்டார். இனி அக்கா தன் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டாராம். சண்டைக்கு வருவார் என்று அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அத்தான் சண்டை போடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார்:

"எங்கிட்ட சொல்லியிருந்தா தெனமும் நானே எழுப்பி மாத்திரை குடுத்திருப்பேனே."

அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜனவரி 17

பழைய மாத்திரை இனி கேட்காதாம். பாதியில் விட்டதால் கிருமி அதற்குப் பழகிவிட்டது. வேறு மருந்து, வேறு ஊசி. நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜன்னல் இன்னமும் சாத்தித்தான் கிடக்கிறது. "இப்பவாவது தொறம்மா" என்று கெஞ்சினேன்.

"மூத்தவ வாழ்க்கைதான் போச்சு. நாளைக்கு உனக்கு வரன் பாக்க வேண்டாமா?"

ஜூலையில் எழுந்து நின்று அவ்வளவு அழகாகச் சொன்னேனே, அடுத்த பொண்ணு என்று! அந்த அடுத்த பொண்ணு நான்தான். அம்மா கடைக்குப் போகும்போது திறக்கிறேன். வந்ததும் சாத்துகிறாள்.

பிப்ரவரி 8

அக்கா கடைசி அத்தியாயத்தைக் கேட்டாள். வேண்டாம் என்றேன், விடவில்லை. தங்கைக்காரி எல்லோருடைய கையையும் பிடித்து ஒவ்வொருவருக்கும் புத்தி சொல்லி, மன்னித்து, வானத்தைப் பார்த்துவிட்டுச் சாகிறாள். மூன்று பக்கம்.

"மூச்சு விட முடியாதவ... இவ்ளோவா... பேசுவா?" என்றாள் அக்கா. சிரிக்கப் போனாள், அது இருமலாகிவிட்டது. அடங்க வெகு நேரம் ஆயிற்று. அத்தான் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாவுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். இப்போது மறைப்பது அவர் முறை.

மார்ச் 2

அக்கா போய்விட்டாள். காலையில் தண்ணீர் கேட்டாள். டம்ளரோடு திரும்புவதற்குள்.

மார்ச் 3

வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "நெஞ்சு வலின்னா, அப்படியே போயிட்டா" என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

மார்ச் 19

இலக்கியத் தேர்வு. போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். அப்பா ஸ்கூட்டரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

கேள்வி: கதாநாயகியின் நோய்க்கு ஆசிரியர் பெயரிடாததை அக்காலச் சூழலோடு பொருத்தி ஆராய்க. முதல் வரியிலேயே பெயரை எழுதினேன். பத்திக்குப் பத்தி எழுதினேன். நாகரிகம் கருதி மறைத்தார் என்று கைடு சொல்லும். நாகரிகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, பயம் என்று எழுதினேன். மண்ணாங்கட்டியை மட்டும் எழுதவில்லை. மார்க் வருமா தெரியாது.

வெளியே டீச்சர் நின்றிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூனிலிருந்து. காலகட்டம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. "அன்னிக்கு இன்னொரு தடவை நான் கேட்டிருக்கணும்" என்றார். பஸ் வரும் வரை என் பையை அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 6

போன வாரம் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து மூன்று பேருக்கும் பரிசோதனைக்குச் சளி எடுத்துப் போனார். இன்று முடிவு வந்தது. அப்பாவுக்கு இல்லை. எனக்கு இல்லை. அம்மாவுக்கு இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் வந்து மாத்திரைப் பையை மேஜைமேல் வைத்தாள். நேராக ஜன்னலுக்குப் போனாள். அக்கா போன பிறகு யாரும் திறக்காததால் கொக்கி இறுகிப் போயிருந்தது. அப்பாவின் சுத்தியலை எடுத்துத் தட்டித்தான் திறந்தாள். வெயில் அக்காவின் கட்டில்மேல் விழுந்தது.

எதிர் வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "என்னக்கா, ரொம்ப நாளா ஜன்னலே தொறக்கல?" என்றாள்.

"எனக்குக் காசநோய்" என்றாள் அம்மா. தெருவுக்கே கேட்கும்படி. "எம் பொண்ணுக்கும் அதுதான். அதுலதான் போனா."

அந்தப் பெண், "அப்படியாக்கா" என்றாள். கையில் இருந்த துணியை உதறாமலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். எனக்கு நேராக நின்று மாத்திரையை விழுங்கினாள். ஜன்னலைச் சாத்தவில்லை.