ஆள்காட்டி விரலுக்கு நான்காம் எண்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணி வந்தாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய் பதினொன்றரை மணி. எங்கள் நக அலங்காரக் கடையில் அதே நாற்காலி, நகத்துக்கு அதே கரும் திராட்சை நிறம். பழைய செயற்கை நகங்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றுக்கு அளவு பார்த்தேன். ஆள்காட்டி விரலுக்கு ஐந்தாம் எண் போதவில்லை, இரு பக்கமும் சதை தெரிந்தது. நான்கை எடுத்தேன். எங்கள் தொழிலில் எண் குறையக் குறைய நகம் அகலம். அண்ணியின் அட்டையில் தேதி போட்டு 4 என்று எழுதி டிராயரில் வைத்தேன்.

"ஏன்டி, என் விரல் நுனியெல்லாம் இப்படி உருண்டு போச்சு?" என்று கேட்டாள்.

"நாள் பூரா கம்ப்யூட்டர் தட்டுற கை அண்ணி. பின்ன எப்படி இருக்கும்?"

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாளாக அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் தட்டுகிற கையாம். நானும் ஒரு ஆள்!

பயிற்சி வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். நகத்தில் கறுப்புக் கோடு, கரண்டி போலக் குழிந்த நகம், மஞ்சள் நகம். கடைசிப் படத்தில் விரல் நுனி வீங்கி, நகம் கிளிமூக்கு மாதிரி கீழே வளைந்திருக்கும். நெஞ்சிலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம், தொடாதே, மருத்துவரிடம் அனுப்பு என்று அடியில் எழுதியிருந்தது. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

ஆனால் அண்ணியின் உடம்பைப் பற்றி நான் எப்படி வாயைத் திறப்பது? நான்கு வருடம் முன்பு, சொந்தக்காரர்கள் கூடியிருந்த வீட்டில், "என்ன அண்ணி, கதவை அகலமாத்தான் வைக்கணும் போல" என்று சொல்லித் தொலைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஒன்றரை வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே இந்தக் கடைக்கு வந்து, என் முன்னால் கையை நீட்டினாள். அன்றைக்கே முடிவு செய்தேன் — இனிமேல் இவள் உடம்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

அடுத்த முறை சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

அண்ணி. திராட்சை நிறம். சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அண்ணிக்கு இன்று பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை. ஒன்பது மணிக்கு அண்ணன் போன் செய்தான். "உன் நகத்தை வந்து நீயே கழட்டு. விரல்ல ஆக்ஸிஜன் பாக்குற கிளிப்பு மாட்டினா மிஷின் ஒண்ணும் காட்ட மாட்டேங்குது."

பஞ்சு, திரவம், அலுமினியத் தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு விரலாகச் சுற்றி ஊறவைத்துக் கழற்றினேன். அண்ணி நர்ஸிடம், "என் நாத்தனார் வேலை, சுத்தியலால அடிச்சாலும் வராது" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

மயக்க மருந்து கொடுக்கும் பெண் டாக்டர் கிளிப்பை மாட்ட வந்தவர் மாட்டவில்லை. அண்ணியிடம் இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். நடுவில் சின்ன வைர வடிவில் சந்து தெரிய வேண்டுமாம். நானும் செய்து பார்த்தேன், என் விரல்களில் தெரிந்தது. அண்ணி விரல்களில் வெளிச்சமே இல்லை.

அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

வலது நுரையீரலில் ஒரு நிழல். நெஞ்சு டாக்டர் சொன்னதை அண்ணன் அப்படியே ஒப்பித்தான்: பழைய சளியின் தழும்பாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். விரல் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டிருக்கிறார்.

"பொறந்ததுலேர்ந்தே. எங்கப்பாவுக்கும் குண்டு விரல்தான்" என்றாளாம் அண்ணி.

அப்படியானால் அவசரமில்லை, மூன்று மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்தது. எனக்குப் போனது.

பிறந்ததிலிருந்தே இல்லை. என் டிராயரில் அட்டை இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டரை வருடம், மூன்று வாரத்துக்கு ஒரு வரி. ஆள்காட்டி விரல் ஆறு, ஆறு, ஆறு. பிறகு ஐந்து. இப்போது நான்கு. எல்லாம் என் கையெழுத்து. விரல் வீங்குகிறது என்று வரிக்கு வரி எழுதிவைத்துவிட்டு, பெரிய நகமாகப் பார்த்து ஒட்டி மூடியிருக்கிறேன்.

இதைக் காட்டினால் அண்ணி பிழைக்கலாம். இதைக் காட்டினால் எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் தெரிந்துவிடும். இதிலென்ன யோசனை? ஆனாலும் யோசித்தேன். அட்டையைத் திரும்ப டிராயரில் வைத்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஏப்ரல் 14, திங்கள்

அண்ணனிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சு டாக்டர் அட்டையை மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தார்.

"இது எந்த நகத்தோட அளவு?"

விளக்கினேன்.

"அப்ப பிறவி இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள வந்திருக்கு." போனை எடுத்தார். "மூணு மாசமெல்லாம் வேணாம். நாளைக்கே ஸ்கேனுக்கு வரச் சொல்லுங்க."

அட்டையைத் திருப்பித் தரும்போது, "நல்லவேளை எழுதி வெச்சீங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

கட்டிதான். புற்று. பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

அண்ணி வீட்டுக்குப் போனேன். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் அட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அண்ணி. நிச்சயமாத் தெரியாது... ஆனா தெரியும்."

"அன்னைக்கு நாப்பது பேர் முன்னாடி என்னைச் சொல்றதுக்கு வாய் இருந்துச்சு. நாம ரெண்டு பேர் மட்டும் உக்காந்திருந்தப்ப அந்த வாய் எங்கடி போச்சு?"

வாயைத் திறந்தால் அவள் என்மேல் கோபப்படுவாளே என்று பயந்தேன். அவள் செத்துப்போவாளே என்று பயப்படவில்லை. அவ்வளவுதான் என் பாசம்.

மே 13, செவ்வாய்

நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தாளாம். வெளியே பெஞ்சில்தான் இருந்தேன், உள்ளே போகவில்லை. பதினொன்றரை ஆனபோது கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பதினொன்றரைக்கு அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை. முதலாளியம்மா, "என்ன, சாமிக்கு நேர்ந்து விட்டிருக்கியா?" என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள். பாதி உடம்பாக இருந்தாள். இரண்டு படி ஏறியதற்கே நின்று மூச்சு வாங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை மேஜையில் வைத்தாள். நகத்தில் எதுவும் இல்லை.

"கலர் வேணாம். அளவு மட்டும் பாரு. கட்டியை எடுத்தாச்சுன்னா விரல் மெல்ல மெல்லப் பழையபடி ஆகலாம்னு டாக்டர் சொன்னாரு."

ஐந்தாம் எண்ணை எடுத்து வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஓரம் உட்கார்ந்துவிடும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தினேன். பொருந்தியது போலத்தான் இருந்தது. கையை எடுத்தேன். இரு பக்கமும் சதை தெரிந்தது.

"நாலுதான் அண்ணி. இன்னும் மாறலை."

"அஞ்சுன்னு சொல்லியிருந்தா சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள்.

"தெரியும்."

கையை இழுத்துக்கொள்ளவில்லை. தேதி போட்டு 4 என்று எழுதினேன். இந்த முறை அட்டையை டிராயரில் வைக்காமல் அவளிடம் நீட்டினேன். மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் படித்தாள். மடிக்காமல் கைப்பையில் வைத்தாள்.

"மூணு வாரம் கழிச்சுக் கொண்டு வரேன்" என்றாள்.