ஏணி என் வண்டியில் இருக்கிறது

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஏணியைத் தேடாதீர்கள், வேலைக்கு எடுத்துப் போகிறேன். தலைசுற்றலுக்கு மாத்திரை போடுகிறவருக்கு மாடியில் என்ன வேலை?

நேற்று மாடியில் இன்டர்நெட் ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு, "சிக்னல் வந்துடுச்சு பாத்தியா, இதுக்கு உனக்கு ஒரு பயிற்சி வேற!" என்று மார்தட்டினீர்கள். நீங்கள் பிடித்தது பக்கவாட்டில் கசிகிற சிக்னல். அதைத் தாண்டித் திருப்பினால் முதலில் சுத்தமாக விழுந்துவிடும். பயந்து நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் திருப்பினால்தான் உண்மையானது கிடைக்கும். காலையில் சரிசெய்து போல்ட்டை இறுக்கிவிட்டேன்.

இத்தனை மாதம் கழித்து வீடியோவில் பேச வந்த மகள் பாதியில் போனை வைத்துவிட்டாள் என்று ராத்திரி என்மேல் எரிந்து விழுந்தீர்களே, அவள் வைக்கவில்லை. சிக்னல்தான் அறுந்தது; எல்லாம் உங்கள் கைவேலை. அவளோ அப்பாதான் வைத்துவிட்டார் என்று காலையில் என்னிடம் போனில் அழுதாள். இனி அவளாகக் கூப்பிட மாட்டாளாம். மதியம் நீங்களே கூப்பிடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் கேட்ட மன்னிப்பு அவள் காதில் விழவே இல்லையாம்; உறைந்துபோன படத்திடம்தான் சொல்லியிருக்கிறீர்கள். அடுப்படியில் இருந்த என் காதில் விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள்.