ரோமானி வரைந்த நீல பிகோனியா

1893 அக்டோபர் 8, ஞாயிறு. கென்ட்

மகள் ரோமானி என்னைப் படம் வரைகிறாள் என்று தேவாலயத்துக்குப் போடும் கோட்டு மாட்டி, மீசைக்கு மெழுகு தடவி, செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலில் போய் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். எச்சில் வழிந்து கோட்டெல்லாம் ஈரம். வெட்கக்கேடு! "அப்படியே இருங்கப்பா, இதுதான் வேணும்" என்றாளாம். எனக்கெங்கே கேட்டது!

அக்டோபர் 29

படத்தைக் காட்டினாள். கோட்டைக் காணோம். உடம்பையும் காணோம். கண்மூடிய என் தலை மட்டும் ஆற்றில் மிதக்கிறது. சுற்றிலும் நான் வளர்த்துக் கிழங்கு விற்கும் பிகோனியாப் பூக்கள், அத்தனையும் நீலம். பழங்கதையாம்: பாட்டுக்காரன் ஒருவனின் தலையை வெட்டி ஆற்றில் விட்டும், அது பாடிக்கொண்டே போனதாம்.

"இந்த மனுஷன் பாடுற லட்சணம் தெரிஞ்சுமாடி?" என்றாள் என் மனைவி கொலேட்டா. சிரித்ததில் காபி கொட்டிவிட்டது.

ஆனாலும் அந்த முகம்! அவ்வளவு சாந்தம் எனக்கு எப்போது இருந்தது? கடவுளே, இப்படி ஒரு பெண்ணை எனக்கா கொடுத்தாய்?

நவம்பர் 6

பூ வளர்ப்போர் சங்கத் தலைவன் ஆமாண்ட் வந்தான். படத்தைப் பார்த்ததும், "என்ன லீவன், வேருக்கு மை ஊத்துறியா?"

பிகோனியாவில் நீலம் கிடையாது. பூ வளர்ப்பே பிழைப்பான கென்ட்டில் குழந்தைக்கும் தெரியும். போன வருஷம் சாயம் ஏற்றிய பூ விற்றவனைச் சங்கத்தை விட்டே நீக்கினோம். நானும்தான் கை தூக்கினேன்.

"பிரஸ்ஸல்ஸ் ஓவியக் கண்காட்சியில உன் மூஞ்சி, பக்கத்துல நீலப் பூ. அப்புறம் உன் கிழங்கை எவன் நம்பி வாங்குவான்?"

ராத்திரி ரோமானியைக் கூப்பிட்டு, "சிவப்பாக்கிடேம்மா" என்றேன். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 9

படம் இன்று ரயிலேற வேண்டும். போய்ப் பார்த்தால் சிவப்பைக் குழைத்துக்கொண்டிருக்கிறாள். மூக்கும் சிவந்திருக்கிறது.

"ஏம்மா நீலம் போட்டே?"

"கண்ணை மூடினதும் நீங்க வேற எங்கயோ போயிட்டீங்கப்பா. அங்க இருக்கிற பூ இங்க இருக்கிற மாதிரியா இருக்கும்?"

தூரிகையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"இருக்கட்டும். அப்படியே அனுப்பு."

"சங்கத்துல உங்களை..."

"தலையை வெட்டினாலும் பாடுவேன்னு சொல்லிக்கிறேன்."

1894 பிப்ரவரி 18. பிரஸ்ஸல்ஸ்

ஆமாண்ட் பயந்தபடியே இரண்டு பேர் கிழங்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். நீலக் கிழங்கு ஒரு டஜன் கேட்டு ஒரு சீமாட்டி எழுதியிருந்தாள்; அப்படி ஒன்று இல்லை அம்மா என்று பதில் போட்டேன். போகட்டும். படம் கண்காட்சிச் சுவரில் இருக்கிறது. ஜனங்கள் அதன் முன் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

"இன்னும் வருத்தமாப்பா?" என்றாள் ரோமானி.

"வெளிச்சம் நல்லா விழுதும்மா" என்றேன்.

கல்யாணமான புதிதில் ஒன்பது கோடைகள், குடிலின் கதவைச் சாத்திக்கொண்டு, மகரந்தத்தை மாற்றி மாற்றித் தொட்டு வைத்து, நீல பிகோனியாவுக்காகப் பாடுபட்டவன் நான். கேலி பேசுவார்கள் என்று கொலேட்டாவிடம்கூட மூச்சு விட்டதில்லை. எனக்குப் பூக்காதது உனக்குப் பூத்துவிட்டதம்மா. அதைத்தான் அவளிடம் சொல்லவில்லை.