நவம்பருக்கு அடுத்தது ஜனவரி

நவம்பர் 3

அக்கா இப்போதுதான் கிளம்பிப் போனாள். வீடு அமைதியாகிவிட்டது, என் தலைக்குள்தான் இன்னும் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் எனக்கும் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைப்பது டிசம்பர் கடைசியில்தான். அதைச் சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"அப்ப கிறிஸ்துமஸ் கல்யாணம்டி! மரம், நட்சத்திரம், சிவப்பு வெள்ளைல ஹால். நாப்பத்தேழு வயசு வரைக்கும் என்னக் காக்க வெச்சிருக்கே. சும்மா விடுவேனா?"

கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு காபி குடித்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 7

ஹாலில் நிறுத்த, கிறிஸ்துமஸ் தாத்தா வண்டியை இழுக்கிற மாதிரி ப்ளைவுட் மான்கள் வாடகைக்குக் கிடைக்கின்றனவாம், அக்கா சொன்னாள். எத்தனை என்று கேட்கவில்லை. பயம்.

நவம்பர் 10

எக்ஸ்ரே அறையில் இன்று கூட்டம் குறைவு. கூட வேலை பார்ப்பவள் மறுபடியும் கேட்டாள், "பஸ் டிரைவரை எப்படிப் பிடிச்சீங்க?" நான் எங்கே பிடித்தேன்? விடாத இருமலோடு நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றேன். படம் எடுத்தாயிற்று. "விடுங்க" என்று சொல்ல மறந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மனுஷன் முகம் சிவந்து, கண் பிதுங்கி, அப்படியே நிற்கிறார். "நீங்க சொல்லலியே மேடம்!" என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர்.

இப்படி ஒருவரோடு வீட்டில் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே தோன்றியதா? தோன்றியது. இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்.

நவம்பர் 15

அழைப்பிதழ் வந்தது. ஓரமெல்லாம் ஊசியிலையும் மணிகளும். அழகாகத்தான் இருந்தது. அவர் ஒன்றைப் படம் பிடித்துத் தன் மகளுக்கு அனுப்பினார். அடுத்த ஊரில் கால்நடை மருத்துவராக இருக்கிறாள். கல்யாண விஷயத்தைச் சொன்னபோது "சரிப்பா, உங்க இஷ்டம்" என்று சொன்ன பெண். இன்று உடனே போன் வந்தது. பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"கல்யாணம் பண்ணிக்கோங்கப்பா. ஆனா கிறிஸ்துமஸ் அம்மாவோடது. அத ஏன் எடுத்துக் குடுத்தீங்க?"

வைத்துவிட்டாள். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இறந்தது டிசம்பரில் என்று எனக்குத் தெரியும். ஆனால் கிறிஸ்துமஸ் அந்த அம்மாவுடையதாகவே இருந்தது என்பது தெரியாது. அவரும் சொன்னதில்லை.

"தேதிய மாத்திடலாமா?" என்றேன். "தெரியலியே" என்றார். அவ்வளவு பெரிய பஸ்ஸைச் சந்து பொந்தெல்லாம் திருப்புகிறவர்.

நவம்பர் 16

தூக்கம் சரியில்லை. நான் யாருடைய இடத்தில் போய் உட்காரப் பார்க்கிறேன்? இத்தனை வருஷம் தனியாகத்தானே இருந்தேன் — குடியா முழுகிப் போச்சு?

நவம்பர் 20

அரை நாள் விடுப்புப் போட்டு அவர் மகளின் கிளினிக்குக்குப் போனேன். அவரிடம் சொல்லவில்லை. வரவேற்பில் இருந்தவர், "என்ன பிராணி?" என்றார். "நான் மட்டும்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு பக்கம் பூனை, ஒரு பக்கம் கிளி. நடுவில் நான். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். உள்ளே ஒரு பெரிய நாய் மேஜையை விட்டுக் குதிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "வந்ததுதான் வந்தீங்க, பின்னங்காலைக் கொஞ்சம் பிடிங்க ஆன்ட்டி" என்றாள். பிடித்தேன். ஊசி போட்டு முடிப்பதற்குள் நாய் என் புடவையை நனைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பாவின் சிரிப்பேதான்.

பிறகு பின்பக்க அறையில் டீ கொடுத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே பேசினாள்.

"அம்மா போனதுக்கப்புறம் எங்க வீட்ல டிசம்பரே வர்றதில்ல. நவம்பருக்கு அடுத்து ஜனவரிதான். அப்பா அந்த மாசம் பூரா கூடுதல் டியூட்டி கேட்டு வாங்கிப்பாரு. நான் இங்கயே இருந்துடுவேன். அந்தக் கார்டைப் பாத்ததும் கோவம் கோவமா வந்துச்சு. ஆனா, நம்ம வீட்லயும் மறுபடி ஒரு விளக்கு எரியப் போகுதுன்னும் தோணுச்சு. அதுக்கு இன்னும் கோவம் வந்துச்சு."

"தேதிய மாத்திடறோம்மா. எனக்கு அதுல ஒண்ணுமில்ல."

"வேணாம், மாத்தாதீங்க. ஆனா நான் வருவேன்னும் சொல்ல மாட்டேன்."

சரி என்றேன். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன்: "ஹால்ல மரத்த வெறுமனேதான் நிறுத்தி வைக்கப் போறேன். உனக்குத் தோணினா வந்து அலங்காரம் செய். இல்லன்னா அப்படியே இருக்கட்டும்."

அவள் அடுத்த பூனையை உள்ளே கூப்பிட்டாள்.

நவம்பர் 22

அக்காவிடம் சொன்னேன். குதித்தாள். "மொட்ட மரத்த வெச்சுக் கல்யாணமா? வர்றவங்க என்னடி நினைப்பாங்க?" மான்களை நீ வைத்துக்கொள், மரத்தை என்னிடம் விட்டுவிடு என்று பேரம் பேசினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

டிசம்பர் 6

சேதி எதுவும் இல்லை. அவர் வாரம் ஒருமுறை மகளைக் கூப்பிடுகிறார். நாய், பூனை, குளிர், இருமல் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

டிசம்பர் 20

நாளைக்குக் கல்யாணம்.

சாயங்காலம் ஹாலில் அக்கா பஞ்சுப் பனி தூவிக்கொண்டிருந்தாள். அவள் தலையிலேயே பாதி. மான்கள் வரிசையாக நின்று வாசலை முறைத்தன. மரம் மட்டும் மூலையில் பச்சையாக, வெறுமையாக. அக்கா அந்தப் பக்கம் பார்க்காமலேயே நடந்தாள். அவள் சொன்ன சொல் தவறாதவள்.

கதவு திறந்தது. தோளில் பையும் கையில் அட்டைப்பெட்டியுமாக அவர் மகள். யாரிடமும் பேசாமல் நேரே மரத்தடியில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். கண்ணாடி உருண்டைகள், கம்பளி நூலில் பின்னிய பறவைகள், சாயம் போன ஜரிகை மாலை. எல்லாம் அவள் அம்மாவுடையவை. பழைய துணிகளில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தாள்.

நான் தள்ளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே ஒரு பறவையை என் பக்கம் நீட்டினாள். மாட்டினேன்.

"அங்க இல்ல ஆன்ட்டி. அம்மா உருண்டைக்குப் பக்கத்துல பறவைய மாட்ட மாட்டாங்க. மேல... இன்னும் மேல."

மாற்றினேன்.

இவர் நாற்காலி இறக்கப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார், இரண்டு கையிலும் நாற்காலியோடு. "பனில நின்னா இருமல் வரும், உள்ள வாங்கப்பா" என்று அவள்தான் அதட்டினாள்.

டிசம்பர் 21

கல்யாணம் நடந்தது. அக்கா அழுத அழுகையில் பாதிரியார் ஒருமுறை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.  வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 27

பண்டிகைக்கு என்று வந்த அவர் மகள் இன்னும் போகவில்லை. விடுப்பை நீட்டித்திருக்கிறாளாம். மரம் இப்போது எங்கள் முன்னறையில்.

காலையில் அவளுடைய கம்பளிச் சட்டையைத் தெரியாமல் வெந்நீரில் போட்டுத் துவைத்துவிட்டேன். பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. "உங்களுக்கு அறிவே இல்லயா? இப்படியா துவைப்பாங்க?" என்று சமையலறை அதிர ஒரு கத்து. நானும் விடவில்லை. "நனைச்ச துணியக் கண்ட எடத்துல போட்டா இப்படித்தான் ஆகும்!" என்றேன். கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

இவர் பதறிப் போய் என்னிடம் வந்தார். "கோவிச்சுக்காத, அவ அப்படித்தான் வெடுக்குனு பேசுவா. அவங்கம்மாகிட்டயும் இப்படித்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு எங்கே கோபம்? அடுப்பைப் பற்றவைத்து மூன்று டம்ளர் எடுத்து வைத்தேன்.